தீராத நோயும் தீர்க்கக்கூடிய துன்பமும்

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மருத்துவர் கூறும் சொல் எந்தக் குடும்பத்திற்கும் பேரிடியாகவே விழும். சொந்த ஊரில் அதைக் கேட்பவருக்கு அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன், அண்டை அயலார் என்று தாங்கிக்கொள்ளப் பல கைகள் உண்டு. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பிழைப்பின் பொருட்டுக் குடியேறி வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் அதைக் கேட்கும்போது, மருத்துவமனைப் படிகளில் இறங்கி வருபவர் பெரும்பாலும் இருவர் அல்லது மூவரே. வீடோ இரண்டு அறை. ஒருவர் பகலில் வேலைக்குச் சென்றாக வேண்டும். ஊருக்குச் செய்தி சொல்வதா, நோயாளியை ஊருக்கே கொண்டு செல்வதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்னும் கேள்விகள் அன்றிரவே எழுந்துவிடுகின்றன.

மருத்துவர் கூறிய அச்சொல் முழு உண்மைதானா என்று நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நோயைத் தீர்ப்பதற்கு இனி வழியில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் செய்வதற்கே ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. வலியைத் தணிக்கலாம்; புண்ணை ஆற்ற இயலாவிடினும் அதன் நாற்றத்தைப் போக்கலாம்; மூச்சுத் திணறலைக் குறைக்கலாம்; உறக்கம் தரலாம்; அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இவை யாவும் செய்யத்தக்கவை. இவற்றுள் பெரும்பகுதியைச் செய்பவர் செவிலியர், அதாவது நாம் நர்ஸ் என்றும் சிஸ்டர் என்றும் அழைக்கும் அப்பணியாளர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பணிசெய்பவரையும் நான்காவதாக அது எண்ணுகிறது. நோய் தீரும் நம்பிக்கை உள்ளவரை மருத்துவரும் மருந்தும் முன்னிற்கின்றனர். அந்நம்பிக்கை நீங்கிய பின், நான்காவதாக எண்ணப்பட்டவரே முதலிடத்திற்கு வந்துவிடுகிறார்.

இத்தகைய பராமரிப்பை மருத்துவ உலகம் பாலியேட்டிவ் கேர் என்று அழைக்கிறது. தமிழில் நோய்த் தணிப்புச் சிகிச்சை எனலாம். புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே இது உரியது என்று பலர் கருதுகின்றனர். சிறுநீரகம் செயலிழந்தவர், இதயம் தளர்ந்தவர், நுரையீரல் நோயினர், பக்கவாதத்தால் படுத்தவர், நினைவு மங்கிய முதியோர் ஆகிய அனைவருக்கும் இது உரியதே. கடைசி வாரத்தில் மட்டும் தேட வேண்டியதும் அன்று. நோயைத் தீர்க்கும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் தொடங்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கே அது கிட்டுகிறது.

இத்துறை தோன்றிய வரலாறு, சொந்த மண்ணை விட்டு வந்து வாழ்பவர்கள் சிறப்பாக அறிந்துகொள்ளத் தக்கது. 1948-ஆம் ஆண்டு லண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்பவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அவர் போலந்து நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூதர். உணவகத்தில் பரிமாறுபவராக வேலை பார்த்தவர். வயது நாற்பது. அந்நகரில் அவருக்கு உற்றார் உறவினர் எவருமில்லை. அவரைப் பார்த்துப் பேசியவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணி. இவர் இரண்டாம் உலகப் போரின்போது செவிலியாகப் பயிற்சி பெற்றவர். முதுகு நோயினால் அவ்வேலையைத் தொடர இயலாமல், நோயாளிகளின் குடும்ப நலனைக் கவனிக்கும் அலுவலராக மாறியவர். வலியோடும் தனிமையோடும் இறப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்று அவ்விருவரும் அப்படுக்கையருகே பேசிக்கொண்டனர். டாஸ்மா இறக்கும்போது தம்மிடமிருந்த 500 பவுனை அப்பெண்மணிக்கு எழுதி வைத்து, அமையப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க விரும்புவதாகக் கூறினார்.

அதன் பின் சாண்டர்ஸ், ஏழை நோயாளிகள் இறுதிக் காலத்தைக் கழிக்கும் செயின்ட் லூக்ஸ் என்ற மருத்துவமனைக்கு ஓய்வு நேரங்களில் சென்று பணிசெய்தார். அங்கே ஒரு புதுமையைக் கண்டார். மற்ற மருத்துவமனைகளில் நோயாளி வலி தாங்காமல் கதறிய பிறகே ஊசி போடுவார்கள். இங்கேயோ, செவிலியர்கள் கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே அடுத்த வேளை மருந்தை வாய்வழியாகக் கொடுத்து வந்தனர். அதனால் நோயாளிகள் வலியின்றியும் மயக்கமின்றியும் பேசிக்கொண்டிருந்தனர். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறைக்கு அச்செவிலியரின் அன்றாடப் பழக்கமே வித்தாக அமைந்தது. சாண்டர்ஸ் பின்னர் மருத்துவமும் பயின்று 1957-ஆம் ஆண்டு மருத்துவரானார். 1967-ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்னும் இல்லத்தை நிறுவினார். டாஸ்மாவின் நினைவாக அங்கே ஒரு சாளரம் அமைந்தது. ஹாஸ்பிஸ் என்று வழங்கும் இவ்வகை இல்லங்களுக்கு அதுவே முன்மாதிரி.

இந்தியாவில் இத்தகைய முதல் இல்லம் 1986-ஆம் ஆண்டு மும்பை பாந்த்ராவில் தோன்றிய சாந்தி அவேத்னா சதன் ஆகும். 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கில்லி பர்ன் என்ற பிரிட்டிஷ் செவிலி அந்த ஆண்டுகளில் நம் நாட்டின் பல நகரங்களுக்கும் சென்று இத்துறையை அறிமுகப்படுத்தி வந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். தில்லியில் கேன்சப்போர்ட் என்னும் அமைப்பு 1990-களின் பிற்பகுதி முதல் மருத்துவர், செவிலியர், ஆலோசகர் அடங்கிய குழுக்களை நோயாளிகளின் வீடுகளுக்கே கட்டணமின்றி அனுப்பி வருகிறது. புனேயில் 1997-ஆம் ஆண்டும், பெங்களூரில் கருணாச்ரயா என்ற பெயரில் 1999-ஆம் ஆண்டும் இல்லங்கள் தோன்றின. 2012-ஆம் ஆண்டு மத்திய அரசு இதற்கென ஒரு தேசியத் திட்டத்தை வகுத்தது.

இனி, செவிலியர் வீட்டிற்கு வந்து செய்வது யாது என்று பார்ப்போம்.

வந்தவுடன் அவர் ஊசியை எடுப்பதில்லை. நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்கிறார். வலி எங்கே இருக்கிறது, எங்கே பரவுகிறது, எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது, இரவில் உறக்கம் வருகிறதா என்று விசாரிக்கிறார். வலியே இல்லாத நிலையைப் பூஜ்யமாகவும் தாங்கவே முடியாத வலியைப் பத்தாகவும் வைத்துக்கொண்டு, இப்போதுள்ள வலிக்கு எத்தனை எண் தருவீர்கள் என்று வினவுகிறார். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறார். அடுத்த முறை வரும்போது அது எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தால் மருந்து சரி. குறையவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். வலியை அளக்கும் கருவி எதுவும் உலகில் இல்லை. நோயாளியின் சொல் ஒன்றே அளவுகோல்.

இங்கேதான் வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனித் தொல்லை எழுகிறது. முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் இந்தியிலோ மராத்தியிலோ தடையின்றிப் பேசிப் பழகியவரும் நோய்ப்படுக்கையில் வீழ்ந்தபின் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார். தமிழில் வலிக்குத்தான் எத்தனை சொற்கள்! குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, கடுக்கிறது, பிசைகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று பாய்கிறது, மரத்துப் போகிறது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையைச் சுட்டும். அருகில் நிற்கும் மகன் இவை எல்லாவற்றையும் "வலிக்கிறதாம்" என்ற ஒரே சொல்லாகச் சுருக்கி மொழிபெயர்த்துவிடுகிறான்.

இச்சுருக்கத்தால் நேரும் இழப்பு சிறிதன்று. எரிச்சலும், மின்சாரம் பாய்வது போன்ற தெறிப்பும், மரமரப்பும் பெரும்பாலும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள். வழக்கமான வலி மாத்திரை மட்டும் இவற்றிற்குப் போதாது. வேறு வகை மருந்து சேர்க்க வேண்டும். வயிற்றைப் பிசைந்து பிசைந்து விடும் வலிக்கு இன்னொரு வகை மருந்து. அசையும்போது மட்டும் ஓரிடத்தில் கடுமையாகக் குத்தினால் எலும்பில் நோய் பரவியிருக்கக்கூடும். ஆகையால் மொழிபெயர்ப்பவர் நோயாளி சொன்ன சொல்லை அப்படியே வாங்கி, அது எதைப் போன்றது என்று விளக்கிச் சொல்ல வேண்டும். வருகிற செவிலியர் கேரளத்தவராயிருந்தால் நம் சொற்கள் பலவும் அவருக்கு நேரே விளங்கிவிடும். வடநாட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் கேரளத்துச் செவிலியர் மிகுதியாக இருப்பது இவ்வகையிலும் நமக்கு ஓர் ஆறுதல். அவரும் நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவரே.

கடும் வலிக்குச் சிறந்த மருந்து மார்ஃபின். கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் அபினிலிருந்து அது எடுக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் அச்செடியைப் பயிரிடுகின்றனர். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலைகள் உள்ளன. உலகின் பிற நாடுகளுக்கு மருந்துக்கான அபினை விளைவித்து அனுப்பிய நம் நாட்டில், நம் நோயாளிகள் அம்மருந்தின்றித் துடித்தனர் என்பது வருந்தத்தக்க வரலாறு. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையாக இருந்தமையால், தண்டனைக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2014-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாத ஆறு மருந்துகளுக்கான விதிகளை நாடு முழுமைக்கும் எளிதாக்கியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இன்று மார்ஃபினை வைத்திருந்து வழங்கலாம். எல்லா மருந்துக் கடைகளிலும் அது கிடைப்பதில்லை. ஆகவே "இங்கே மார்ஃபின் கிடைக்குமா? இல்லையெனில் எங்கே கிடைக்கும்?" என்று மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ஃபின் என்றதும் குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு. அடிமையாகிவிடுவாரோ, விரைவில் இறந்துவிடுவாரோ, இது கடைசி மருந்தோ என்றெல்லாம் ஐயம் எழுகிறது. செவிலியர் இவ்வச்சங்களைப் பொறுமையாகக் களைகிறார். கடும் வலிக்காகச் சரியான அளவில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளும் புற்றுநோயாளிகள் போதைக்கு அடிமையாவது மிக அரிது. அளவறிந்து கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசி நாளுக்கென்று அதைச் சேமித்து வைக்கவும் தேவையில்லை. வலி எப்போது கடுமையாகிறதோ அப்போதே அதற்குரிய காலம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும். ஆகையால் வலி வந்தபின் கொடுப்பது என்றில்லாமல், மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். முதற் சில நாட்கள் குமட்டலும் தூக்கமும் இருக்கும்; பின்னர் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் மார்ஃபினோடு மலமிளக்கியும் நாள்தோறும் சேர்ந்தே நடக்க வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் ஒவ்வொரு வருகையிலும் தவறாமல் கேட்கும் கேள்வி, வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்பதே. மருந்தைத் திடீரென்று நிறுத்தலாகாது. பூட்டி வைக்க வேண்டும். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து, புண்கள். சில வகைப் புற்றுநோய்கள் தோலைப் பிளந்து வெளிவந்து அழுகிப் புண்ணாகும். வலியைவிட அதன் நாற்றமே நோயாளியைப் பெரிதும் வதைக்கும். பேரக்குழந்தைகள் அறைக்குள் வரத் தயங்குவார்கள். வந்தவர்கள் வாசலோடு நின்று போய்விடுவார்கள். நோயாளியும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். செவிலியர் இதற்குச் செய்வது மிக எளிது. காய்ச்சி ஆறிய உப்பு நீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோநிடசோல் என்னும் மலிவான மாத்திரையை நன்கு பொடித்து அதன்மேல் தூவிக் கட்டுகிறார். சில நாட்களிலேயே நாற்றம் பெரிதும் அடங்கிவிடுகிறது. புண் ஆறவில்லை, ஆயினும் குழந்தைகள் மீண்டும் தாத்தாவின் கட்டிலில் வந்து அமர்கிறார்கள். இச்சிகிச்சையின் வெற்றியை அளப்பது இவ்வாறுதான்.

படுத்தே கிடப்பவருக்கு வரும் படுக்கைப் புண்ணோ, பெரும்பாலும் தடுக்கக்கூடியது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களில் எலும்பும் படுக்கையும் தோலை நெருக்குகின்றன. அங்கே குருதியோட்டம் தடைப்படுகிறது. 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதே தலையாய தடுப்பு. விரிப்பில் சுருக்கம் இருக்கலாகாது. ஈரம் தங்கலாகாது. காற்று மெத்தை உதவும். ஆனால் அதை வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. அழுத்தினாலும் மறையாத சிவப்பு எங்கேனும் தென்பட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. அவ்விடத்தைத் தேய்த்துவிடுவது கெடுதல்.

செவிலியரின் கைகளால் எவ்வளவு இயலும் என்பதற்கு மும்பையில் ஒரு சான்று உண்டு. அருணா ஷான்பாக் என்ற செவிலி 1973-ஆம் ஆண்டு கொடிய தாக்குதலுக்கு ஆளாகி, நினைவு திரும்பாத நிலையில் தாம் பணிபுரிந்த கே. ஈ. எம். மருத்துவமனையிலேயே 2015-ஆம் ஆண்டு வரை படுக்கையில் இருந்தார். அவரது நிலை நாம் பேசும் இறுதிக்கால நோய்களிலிருந்து வேறானது. எனினும் 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, அங்குள்ள செவிலியரே அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிக் காத்தனர். 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அச்செவிலியரை மனமுவந்து பாராட்டியது.

உணவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நம் குடும்பங்களில் அன்பு என்பது பெரும்பாலும் உணவாகவே வெளிப்படும். "ஒரு வாய் ரசஞ்சாதமாவது சாப்பிடுங்கள்" என்று கெஞ்சுவதும், மறுத்தால் அழுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதே. இறுதிக் காலத்தில் உடல் மெல்ல மெல்லத் தன் வேலைகளை ஒடுக்கிக்கொள்கிறது. அதற்கு உணவு தேவைப்படுவதில்லை. உண்ணாமையால் நோய் முற்றவில்லை. நோய் முற்றியதனால் உண்ண இயலவில்லை. இதனைச் செவிலியர் விளக்கும்போது, மனைவியின் நெஞ்சிலிருந்து ஒரு பெரும் பழி இறங்கிவிடுகிறது. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கித் துன்பம் விளைக்கும். கேட்டதைக் கேட்டபோது சிறிதளவு கொடுப்பதே போதும். மாறாக, வாயைப் பேணுவதில் குடும்பத்தார் தம் அன்பைக் காட்டலாம். சிறிது ஆப்பச்சோடா கரைத்த நீரில் மெல்லிய துணியை நனைத்து வாயைத் துடைக்கலாம். உதட்டில் தேங்காயெண்ணெய் தடவலாம். சொட்டுச் சொட்டாக நீர் விட்டு நாவை நனைக்கலாம். அக்காலத்துத் தாகம் பெரும்பாலும் வாயின் வறட்சியே.

மூச்சுத் திணறும்போது நோயாளியை விடக் குடும்பத்தார் கலங்குவார்கள். தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்தாற்போல் அமர்த்துவதும், சன்னலைத் திறந்து வைப்பதும், முகத்தில் படும்படி விசிறுவதும் உண்மையாகவே பயன் தருகின்றன. முகத்தில் படும் காற்று மூச்சிரைப்பு உணர்வைத் தணிக்கிறது. மருத்துவர் குறித்த சிற்றளவு மார்ஃபினும் இதற்கு உதவும்.

உடற்றுன்பம் தணிந்தபின்தான் உள்ளத்தின் துன்பம் வாய் திறக்கிறது. வலி, மனச்சோர்வு, குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கேள்வி ஆகியவை ஒன்றோடொன்று பின்னிய ஒரே துன்பம் என்பது சாண்டர்ஸ் வகுத்த கொள்கை. மகளின் திருமணத்தை எண்ணி உறங்காதவருக்கு மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை.

நம் வீடுகளில் நோயின் உண்மையை நோயாளியிடம் மறைப்பது வழக்கம். "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர், தாங்கமாட்டார்" என்று மகன் வாசலிலேயே செவிலியரைத் தடுத்துக் கூறுகிறான். உள்ளே சென்றால், "பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், அம்மா, எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் இடிந்துபோவார்கள்" என்று அப்பா கூறுகிறார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டு, ஒரே வீட்டில் தனித்தனியே அழுகிறார்கள். தேர்ந்த செவிலியர் உண்மையைப் போட்டு உடைப்பதில்லை, பொய்யும் கூறுவதில்லை. "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவர் அறிய விரும்பும் அளவுக்கே மறுமொழி சொல்கிறார். பின்னர் தந்தையையும் மகனையும் ஒருவரோடொருவர் பேசச் செய்கிறார்.

வெளியூரில் வாழ்பவருக்கு இப்பேச்சு மிகவும் முக்கியமானது. கடைசி நாட்களைச் சொந்த ஊரில், தாம் பிறந்த வீட்டுத் திண்ணையில் கழிக்க விரும்புவோர் உண்டு. ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள், பிள்ளைகளும் பேரர்களும் இங்கேதானே என்று எண்ணி இங்கேயே இருக்க விரும்புவோரும் உண்டு. உண்மை மறைக்கப்பட்ட வீட்டில் இவ்விருப்பத்தைக் கேட்பதற்கே வழியில்லை. காலம் கடந்து, நினைவு தப்பிய நிலையில் இருப்பூர்தியில் ஏற்றிச் செல்ல முயன்று வருந்துவதை விட, நடக்கும் நிலையில் இருக்கும்போதே கேட்டு முடிவு செய்வது நன்று. ஊருக்குச் செல்வதாயின் நோய் விவரக் குறிப்பு, மருந்துச் சீட்டு, வழிக்கும் சில நாட்களுக்கும் போதிய மருந்து, அதற்கு மருத்துவர் தரும் கடிதம் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊருக்கு அருகே மார்ஃபின் வழங்கும் நிலையம் எது என்பதைப் புறப்படுமுன்பே அறிந்துகொள்ள வேண்டும். வழியில் ஒரு வேளை மருந்து தவறினாலும் அப்பயணம் துன்பமாகிவிடும்.

செயற்கை மூச்சுக் கருவி போன்றவை தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு அதற்கான நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். நினைவு தெளிவாக உள்ளபோது குடும்பத்தார் கூடிப் பேச இதுவும் ஒரு வாய்ப்பு.

இவ்வளவும் செய்யும் செவிலியர் வாரத்தில் ஓரிரு முறையே வர இயலும். மற்ற நேரமெல்லாம் நோயாளியைப் பார்ப்பவர் வீட்டார். ஆகையால் அவரது பணியில் பாதி, கற்பிப்பதாகவே அமைகிறது. புண்ணைக் கழுவவும், புரட்டிப் படுக்க வைக்கவும், மருந்து நேரத்தைத் தாளில் குறித்துச் சுவரில் ஒட்டவும், குழாய் வழியே கஞ்சி கொடுக்கவும் மனைவிக்கும் மருமகளுக்கும், ஏன், மகனுக்கும் அவர் கற்றுக்கொடுக்கிறார். இரவும் பகலும் விழித்திருக்கும் அம்மனைவியிடம், "நீங்கள் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று கேட்பதும் அவர் கடமைகளுள் ஒன்று. இறப்பு நேர்ந்த சில நாட்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை அவ்வீட்டிற்கு வந்து அமர்ந்துவிட்டுச் செல்லும் செவிலியரும் உளர். ஒரு வாரத்தில் பல மரணங்களைக் காணும் அவருக்கும் உள்ளம் உண்டு, களைப்பு உண்டு என்பதை நாமும் மறத்தலாகாது.

சுற்றத்தார் இல்லாத இடத்தில் இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்கலாம். இதற்குக் கேரளம் ஒரு விடை கண்டுள்ளது. மலப்புறம் மாவட்டத்தில் சென்ற நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, வாரத்திற்கு 2 மணி நேரமேனும் ஒதுக்கக்கூடிய எவரும் தொண்டராகச் சேரலாம். 16 மணி நேர வகுப்பும், அனுபவமுள்ளோருடன் 4 நாள் பயிற்சியும் அவருக்குக் கிடைக்கும். பின்னர் தம் அண்டையிலுள்ள நோயாளிகளைப் பார்த்து, தேவையானதைச் செவிலியருக்குத் தெரிவிப்பார். 2008-ஆம் ஆண்டு கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. ஊராட்சிகள் தோறும் செவிலியர் வீடு வீடாகச் செல்லும் முறை அதன் வழியே பரவியது. சாலை ஓரக் கடைக்காரரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும், கல்லூரி மாணவரும் இப்பணியில் ஈடுபடுகின்றனர்.

வெளிமாநில நகரங்களில் நமக்குத் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. கோயில் குழுக்களும் பஜனை மண்டலிகளும் உள்ளன. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகிறோம். அவற்றுள் பத்துப் பேர் வாரத்திற்கு 2 மணி நேரம் தரத் துணிந்தால், அந்நகரில் படுக்கையில் இருக்கும் தமிழர் ஒருவருக்குத் துணை கிடைக்கும். மருத்துவப் பயிற்சி இல்லாதவரும் செவிலியரின் அருகில் அமர்ந்து, குடைகிறதா, எரிகிறதா என்று கேட்டுச் சரியாக மொழிபெயர்க்கலாம். மருந்து வாங்கி வரலாம். மனைவி இரண்டு மணி நேரம் உறங்கும்படி நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கலாம்.

லண்டனில் இறந்த அந்தப் பரிமாறுபவருக்கு உற்றார் எவருமில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தார். அது போதுமானதாயிற்று. இனி எவரேனும் நம்மிடம், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறினால், "நோய்க்கு இல்லை என்பது தெரிகிறது, வலிக்கு என்ன செய்யலாம், அதற்குரிய செவிலியர் எங்கே கிடைப்பார்?" என்று உடனே கேட்போமாக.